மூடாமல் அனுப்பிய கலியாணம்

கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் பிரதம இலிகிதராக இருந்து இளைப்பாறிய தேவராசா, வீட்டில் எதையும் படம் பிடிக்காமல் விடமாட்டார். பூனை குட்டி போட்டாலும் கமெராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கட்டுகலை வாடகை வீடு எரிந்தபோது அவருடைய கலியாணப் படங்களும் சேர்ந்து எரிந்துபோயின. கோண்டாவிலில் தாலி கட்டினார் என்பதற்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சி மனைவி லீலாதேவிதான். "அந்தச் சாட்சியும் கோவம் வந்தால் மாத்திச் சொல்லும்" என்பார்.

நோர்வேயிலிருந்த மகன் அவருக்கு டிவிடி பதிகிற மெசின் ஒன்று அனுப்பியிருந்தான். கமெராவை அதில் கொளுவி, படம் ஓடி முடியும்வரை பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பார். பதிந்த டிஸ்கைக் கடைசியில் 'மூட' வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர், நகரத்தில் சீடிக்கடை வைத்திருந்த திகன ஹாஷிம். மூடுவதென்றால் பெரிய வேலை ஒன்றுமில்லை. ரிமோட்டில் ஒரு கட்டளை கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். மூடாவிட்டால் பதிந்த மெசினில் மட்டும் படம் ஓடும். வேறெதில் போட்டாலும் வெறும் டிஸ்க் என்றே காட்டும். மூடிவிட்டாலோ அதில் மேற்கொண்டு எதையும் ஏற்ற முடியாது.

இதெல்லாம் தேவராசாவுக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது என்று பிறகு அவரால் மனதைத் தேற்ற முடியாமற்போனதும் அதனால்தான்.

வன்னியில் சண்டை உச்சத்திலிருந்த காலத்தில் மகள் கமலாசனிக்குக் கலியாணம் நடந்தது. விசாச் சிக்கலால் மகன் வரவில்லை. அவன் பார்க்கட்டும் என்று அன்றைக்குப் பின்னேரமே தேவராசா முழுவதையும் ஒரே டிஸ்கில் பதிந்து முடித்தார்.

"சரி, இனி இதை மூடவேண்டியதுதான்" என்றார் சத்தமாக.

லீலாதேவி பலகாரத் தட்டோடு குசினியிலிருந்து வந்தாள். "என்ன கதை இது? குத்துவிளக்கு எரிஞ்சுகொண்டிருக்கு. கலியாண வீட்டிலை மூடுறது கீடுறது எண்டு சொல்லாதேங்கோ."

"டிஸ்கை மூடுறதப்பா!"

"டிஸ்கோ கிணறோ, மூடுறது மூடுறதுதான். நாலாஞ்சடங்கு வரட்டும். அதையும் ஏத்திப்போட்டு என்னத்தையெண்டாலும் செய்யுங்கோ."

அவளோடு வாதாடுவதைவிட விட்டுவிடுவது சுகம். விட்டுவிட்டார்.

நாலாஞ்சடங்குக்கு முன்பே நடராஜா கேற்றடியில் வந்து நின்றான். கலஹாவிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றும் வான்காரன். கலியாணத்துக்கு ஓடிய ஓட்டமெல்லாம் அவனுடையது. டிஸ்கை மகனிடம் கொண்டுபோவதாகச் சொல்லியிருந்த, வெள்ளவத்தையிலிருந்து நோர்வேக்குப் போகிற உறவுக்காரர் பயணத்தை முன்தள்ளிவிட்டார் என்று முதல்நாள்தான் தகவல் வந்திருந்தது.

"ஐயா, குடுக்கிறதுன்னா இப்பவே குடுங்க. வான நிப்பாட்ட எடமில்ல, பின்னால பஸ்காரன் கிழிகிழின்னு கிழிக்கிறான்."

தேவராசா மெசினைப் பார்த்தார். கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்கலாம். வெளியே ஹோர்ன் அலறியது. இஞ்சை வடிவா ஓடுதுதானே, அங்கை பெடியன் ஏதாவது செய்து பார்ப்பான் என்று எண்ணிக்கொண்டு, டிஸ்கைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தனுப்பினார்.

நாலாஞ்சடங்குப் பலகாரம் தீர்வதற்குள் நடராஜாவின் மனைவி சீதா அழுதுகொண்டு வந்தாள். கொழும்புக்குக் கிட்ட ஒரு சோதனைச்சாவடியில் அவனைப் பிடித்து, பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்தார்கள்.

"அந்த டிஸ்க கம்பியூட்டர்ல போட்டாங்களாம் ஐயா. ஒண்ணுமே இல்லேன்னு காட்டுச்சாம். ஆனா திருப்பிப் பார்த்தா, அடியில பதிஞ்ச வளையம் கறுப்பாத் தெரியுதாம். எதை மறைச்சு வச்சிருக்கேன்னு கேக்குறாங்க. இவரு கலியாணப் படம்னு சொல்ல, எங்கடா கலியாணம், காட்டுன்னு அடிக்கிறாங்களாம். எங்க அண்ணன் போய்ப் பார்த்துச்சு. மொகமெல்லாம் வீங்கிக் கெடக்காம்."

"ஆர் தந்ததெண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டாங்களாம். தெரிஞ்ச வீட்டுதுன்னு மட்டும் சொல்லியிருக்காரு. ஐயா பேர சொல்லல."

அவன் எப்படியிருக்கிறான் என்று கேட்பதற்கு முன்னால் தன்னுடைய பெயரைப் பற்றிக் கேட்டுவிட்டோம் என்பது சீதா படியிறங்கிப் போன பிறகுதான் தேவராசாவுக்கு உறைத்தது. "நான் ஒரு வழி பாக்கிறன் பிள்ளை" என்று சொல்லித்தான் அவளை அனுப்பியிருந்தார்.

அவர் பார்த்த வழி ஹாஷிமின் கடைவரைக்கும் போனது.

"மூடாமயா குடுத்தீங்க?" ஹாஷிம் முதலில் சிரித்தார். "அது ரோசக்காரப் பொம்பளை மாதிரி சேர். உங்கட மெசினத் தவிர வேற யாருக்கும் மொகம் காட்டாது." விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. "அப்ப மெசினத் தூக்கிட்டுத்தான் போகணும்."

"வேறை ஒண்டு பதிஞ்சு, மூடிக் குடுத்தால்?"

"அவங்கட கைல ஈக்கிற டிஸ்கெல்லவா ஓடணும். புதுசு கொண்டுபோனா, இது இப்ப செஞ்சதுன்னு சொல்லுவாங்க."

தேவராசா வீட்டுக்கு வந்து மெசினைத் துடைத்தார். வயர்களைச் சுருட்டினார். பிறகு தன் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம். போனவர்கள் திரும்பி வராத கதைகள் ஊரெல்லாம் உலவிய நாட்கள் அவை. நாளைக்குப் போவோம் என்று நினைத்தார். மறுநாளும் அதையே நினைத்தார். சீதாவின் அண்ணன் ஒரு சட்டத்தரணியைப் பிடிப்பான் என்றும், பொலிஸ்காரர்களே அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள் என்றும் தனக்குத் தானே சமாதானம் சொன்னார். சோறு இறங்கவில்லை. பதிந்த வேறு டிஸ்குகளை எடுத்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போனபோது, கலஹா பஸ் நிற்குமிடத்தில் சீதா நின்றாள். தேவராசா மரக்கறிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, செருப்புக் கடைப் பக்கமிருந்த ஒழுங்கைக்குள் திரும்பினார். அது ஒரு முட்டு ஒழுங்கை. வந்த வழியேதான் வெளியே வரவேண்டும். வரும்போது அவள் இவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னா ஐயா, இப்பிடி மெலிஞ்சுபோயிட்டீங்க? சாப்புடுறதில்லையா?"

ஏசியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்ததும் மெசினைப் போர்வையில் சுற்றினார்.

"நாளைக்கு விடிய ரயிலிலை போறன்."

லீலாதேவி வாசலை மறிப்பாள் என்றுதான் நினைத்தார். அவளோ அலுமாரியைத் திறந்து, கலியாணத்துக்கு உடுத்த சேலையை எடுத்தாள். "நானும் வாறன். அதிலை என்ர முகம் இருக்கு. மூடவேண்டாமெண்டு சொன்ன வாயும் அதிலைதான் இருக்கு."

பொலிஸ் நிலையத்தில் தேவராசா தன்னுடைய கந்தோர்ச் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார். இன்ஸ்பெக்டர் அடையாள அட்டையைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், பொலித்தீன் பையிலிருந்த டிஸ்கைக் கொண்டுவரச் சொன்னார். தேவராசா டிவியில் வயரைச் செருகிய அவசரத்தில் சிவப்பும் மஞ்சளும் மாறிப்போயின. படம் வரவில்லை.

"மேக்கெத் நே?" இதிலும் இல்லையா என்று ஒரு கொன்ஸ்டபிள் சிரித்தான்.

"மாத்திக் குத்துங்கோப்பா" என்றாள் லீலாதேவி.

மாற்றினார். மேளச் சத்தம் அறையை அதிரவைத்தது.

திரையில் லீலாதேவி அதே சேலையில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். கொன்ஸ்டபிள்கள் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு பெண் பொலிஸ்காரி சேலைக்கரையைத் தொட்டுப் பார்த்து, எந்தக் கடை என்று கேட்டாள். இன்ஸ்பெக்டர் மட்டும் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"இவன் கலியாணத்துக்கு வந்தவன்தானே? இதில் எங்கே இருக்கிறான்?"

தேவராசாவுக்கு இடம் ஞாபகமிருந்தது. அன்றைக்குத் திடீரென்று மழை கொட்ட, மாப்பிள்ளைக்குக் குடை பிடித்து மண்டபத்துக்குள் கூட்டிவந்தவன் நடராஜாதான். அந்த இடத்துக்கு ஓட்டினார். குடை வந்தது, மாப்பிள்ளை வந்தார், குடையைப் பிடித்த கறுத்த கை ஒன்று வந்தது. கமெரா அந்தக் கையிலிருந்து மேலே போகப்பார்த்து, சடக்கென்று மாப்பிள்ளையின் முகத்துக்குத் திரும்பியது. திருப்பியவர் தேவராசா. வான்காரன் படத்தில் எதற்கு என்று அப்போது நினைத்திருந்தார்.

"முகம் எங்கே?"

"அந்தக் கை அவன்ர கை, சேர்."

இன்ஸ்பெக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையைவிட இரண்டு அடி வாங்கியிருக்கலாம் போலிருந்தது அவருக்கு. பிறகு நடராஜாவைக் கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் கையை நீட்டி நிற்கவைத்தார்கள். மணிக்கட்டில் பழைய தீக்காயத் தழும்பு. திரையிலும் அதே தழும்பு. வாக்குமூலம் எழுதி, கையெழுத்து வாங்கி, பின்னேரமாகும்போது விட்டுவிட்டார்கள். டிஸ்கைத் திருப்பித் தரவில்லை. தேவராசாவும் அதைக் கேட்கவில்லை.

திரும்பும் ரயிலில் நடராஜா யன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஒரு கண் இன்னும் முழுதாகத் திறக்காததால், வானைப் பிறகு எடுக்கலாமென்று விட்டுவந்திருந்தான். லீலாதேவி பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். பொல்காவலை ஸ்டேசன் கழிந்தபிறகு தேவராசா அவன் பக்கம் திரும்பினார்.

"பிழை என்னிலைதான் நடராஜா. நான் அதை மூடாமத் தந்திட்டன்."

"எத ஐயா மூடல?"

தேவராசா விளக்கினார். ரிமோட், கட்டளை, மெசின், அன்றைக்குக் கேற்றடியில் கேட்ட ஹோர்ன், எல்லாவற்றையும் சொன்னார். நடராஜா தேநீரைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப அதுக்குள்ள நெசமாவே கலியாணந்தான் இருந்திச்சு?"

"ஓம். வேறை என்ன?"

"இல்ல ஐயா..." அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அடி விழ விழ, எனக்கே ஒரு சந்தேகம் வந்திருச்சு. ஒருவேள ஐயா வேற எதையோதான் குடுத்துவிட்டீங்களோன்னு."

"அப்பவும் நீ என்ர பேரைச் சொல்லேல்லையே."

நடராஜா தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினான். லீலாதேவி வாங்கி, இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். தேவராசா மடியிலிருந்த மெசினை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, அவனுடைய முகத்தை, வீங்கிய கண்ணோடு, முழுதாகப் பார்த்தார்.