கதவுப் பக்கத்து இருக்கை

எங்கள் சித்தி விமானப் பணிப்பெண்ணாக இருந்ததால், அமரவிளையில் எங்கள் குடும்பத்துக்கே சிறகு முளைத்துவிட்டதாக அம்மாவுக்கு நினைப்பு. துபாயில் வேலை செய்த அப்பாவைப் பார்க்கப் போகும் தேதியைக்கூட, தங்கைக்கு எந்த விமானத்தில் டியூட்டி என்று கேட்டுத்தான் முடிவு செய்தாள். சொந்தக்காரன் கண்டக்டராக இருக்கும் பஸ்ஸாகப் பார்த்து ஏறுவதுபோல. எனக்கு அப்போது ஒன்பது வயது.

திருவனந்தபுரத்தில் நாங்கள் ஏறியபோது, தொடர்ந்து நாலு நாள் பறந்துவிட்டு விமான வாசலில் நின்ற சித்தியின் கண்கள் சிவந்திருந்தன. மற்றவர்களுக்குச் சொன்ன அதே "குட் மார்னிங்"தான் எங்களுக்கும் கிடைத்தது. அம்மாவின் முகம் அப்போதே சுருங்கிவிட்டது.

மேலே ஏறிய கொஞ்ச நேரத்தில் விமானி ஒலிபெருக்கியில் பேசினார். ஒரு சக்கரம் உள்ளே மடங்கவில்லையாம். எரிபொருள் குறையும்வரை கடல்மேல் சுற்றிவிட்டுத் திருவனந்தபுரத்திலேயே இறங்கப் போகிறோமாம். அந்தச் சக்கரம் தரையில் தாங்குமா என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் சுற்றினோம். ஜன்னலில், ஆறு கடலில் சேரும் பூவார்ப் பொழி வந்தது, போனது, மறுபடி வந்தது. முதலில் அழுதவர்கள்கூட அலுத்துப்போய்ச் சும்மா இருந்தார்கள். பயப்படுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

தலையைக் குனிந்து எப்படி உட்கார வேண்டும் என்று சித்தி வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டு வந்தாள். மலையாளத்தில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, குரல் கம்மிவிட்டது. கதவை ஒட்டிய வரிசையில் இருந்த வயதான தம்பதியை எழுப்பிப் பின்னால் அனுப்பிவிட்டு, அங்கே இரண்டு வாட்டசாட்டமான இளைஞர்களை உட்கார வைத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கள அங்க இருத்து பிள்ளே. இது நம்ம பிள்ளையாக்கும்."

"கதவத் திறக்க பெலமுள்ள ஆள் வேணும் அக்கா. நீ இங்கயே இரி."

கையை மெல்ல விடுவித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள். எல்லாம் முடிந்ததும் கதவோரத்து மடக்கு நாற்காலியில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். அவள்மேல் எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

சக்கரம் தாங்கிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். சித்தி கதவருகே நின்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள். எங்கள் முறை வந்தபோது அம்மாவின் தோளைத் தொட்டாள். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

ஏழு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. சித்தியின் கல்யாணத்துக்கும் நாங்கள் போகவில்லை. யார் கேட்டாலும் அம்மாவுக்கு ஒரே பதில்தான்: "கதவுப் பக்கத்துல சீட்டு அவளுக்கு உண்டு. சொந்த அக்காளுக்கு இல்ல."

நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். கதவோரம் இருப்பவள் முதல் ஆளாகத் தப்பிவிடுவாள் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். கடைசி ஆளையும் வெளியே அனுப்பிவிட்டு, இருக்கைகளுக்கு இடையே ஒருமுறை தேடிப் பார்த்த பிறகுதான் அவள் இறங்க முடியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சித்தியும் சொல்லவில்லை.