வாத்து கடைசியாய்ச் சார்ஜ் போட்ட பெட்டி

ஏ வாத்து, நீ கடைசியாய்ச் சார்ஜ் போட்டு வைத்த பேட்டரிப் பெட்டி என் பக்கத்தில்தான் இருக்கிறது. சார்ஜ் எவ்வளவு என்று காட்டும் நாலு புள்ளி எரிந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு புள்ளி. அதுவும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். கைதான் வரமாட்டேன் என்கிறது.

உங்களுக்கெல்லாம் அவள் அருள்மேரி. எங்கள் வீட்டில் வாத்து. சின்ன வயசில் ஊருணியில் இறங்கினால் ஏற மாட்டாளாம். அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், அப்போது வைத்த பேர். நாற்பது வயசு தாண்டியும் மாறவில்லை. நான் அவளுக்கு மதினி. மாதா கோயில் மலர்ப் புத்தகத்துக்கு அவளைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டார்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பேசுகிற மாதிரிதான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது தை மாசக் கடைசி. கானாடுகாத்தானுக்கு அங்குட்டு, கண்மாய்க்கரையில் ஒரு தம்பி கூடாரம் போட்டு நடத்தும் இடத்தில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சாயங்காலம் அங்கே வந்து கயாக் என்கிற துடுப்புப் படகு ஓட்டுவார்கள், கூடாரத்தில் தங்குவார்கள். சமையல் எனக்கு. படகு, படகைத் தள்ளும் சின்ன மோட்டார், மோட்டாருக்கும் கூடாரத்து விளக்குக்குமான பேட்டரிப் பெட்டிகள் எல்லாம் அவளுக்கு. அன்றைக்கு மூன்றாவது பெட்டிக்குச் சார்ஜ் போட்டு எடுத்து வைத்துவிட்டு, மோட்டாருக்குக் கிரீஸ் வாங்கத் திருப்பத்தூருக்குப் பஸ் ஏறினாள். "டீயப் போட்டு வைங்க மதினி, வந்துருவேன்" என்றாள்.

டீ கொதிக்கும்போது அவள் நம்பரில் இருந்து போன் வந்தது. பேசியது வேறு ஒரு பெண். "இந்தப் போன் வச்சிருக்கவுக உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். "என் நாத்தனா" என்றேன். "பக்கத்துல வேற யாராச்சும் இருந்தாக் குடுங்க" என்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கென்று போட்ட டீயை மறுநாள்தான் யாரோ கொட்டினார்கள். எனக்கு அதைத் தொட மனசு வரவில்லை.

வாத்து எதையும் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பாள். படகு கரைக்கு வந்ததும் பெட்டியை இறக்கி, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி புறங்கையை வைப்பாள். "சுடுது, ஆறட்டும்" என்று புளியமரத்து நிழலில் வைத்துவிடுவாள். ஒரு நாள் கூட்டம் அதிகம். தம்பி அவசரப்பட்டார். "அக்கா, அடுத்த ஆளுக நிக்கிறாங்க. சீக்கிரம் சார்ஜ்ல போடுங்கக்கா."

"ஓடி வந்து இரைக்கிறவன் வாயில சோத்தத் திணிப்பீகளா தம்பி? மூச்சு வாங்கட்டும்."

"அதுக்கு ஏதுக்கா மூச்சு?"

"ஒங்களுக்குக் கேக்காது. நீங்க போயி வந்தவுகளுக்கு மோர் குடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே போய் மோர் ஊற்றினார். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் அதே புறங்கைதான். "ரொம்பச் சுடுது மதினி. இப்ப ஒங்களச் சார்ஜ்ல போட முடியாது, பேசாமப் படுங்க" என்று அடுப்படியில் இருந்து என்னைத் துரத்திவிட்டு, கஞ்சியை அடிப்பிடிக்க விடுவாள். சமையல் அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

எல்லாம் தெரிந்துகொண்டு வந்தவள் இல்லை அவள். முதல் கோடையில் கண்மாய் வற்றி, கூடாரத்தைப் பிரித்து எல்லாவற்றையும் கட்டி வைத்தோம். நம் வீடுகளில் அரிசிப்பானையையும் உப்புச்சாடியையும் காலியாக வைப்போமா? அதே மாதிரி நினைத்து, அப்போதிருந்த இரண்டு பெட்டிகளுக்கும் வழிய வழியச் சார்ஜ் ஏற்றித் தகரக் கொட்டகையில் பூட்டினாள். "நெறஞ்சு இருந்தாத்தான மதினி லட்சணம்" என்றாள். மழை பெய்து கொட்டகையைத் திறந்தால், இரண்டும் வயிறு வீங்கிக் கிடக்கின்றன. தம்பி கோபப்படவே இல்லை. பெட்டியோடு வந்த காகிதத்தைப் படித்து, பாதி அளவுக்கு ஏற்றிக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டுமாம் என்று மட்டும் சொன்னார். அவர் திட்டாததற்குத்தான் அவள் அப்படி அழுதாள்.

அதற்கப்புறம் அவள் வாயில் இதுதான்: "நெறச்சு வச்சா வீங்கிப்போகும். காலியா வச்சா செத்துப்போகும். பாதியில வச்சு, மறக்காமப் பாத்துக்கிறணும்." புதுசாய் வந்த மூன்று பெட்டிகளையும் கோடைக்கு எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தாள். வெயில் படாத உள்ரூமில் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். என் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். "ஏத்தா, நான் படுக்க எடமில்ல. பெட்டிக்கு ராசா கணக்கா எடமா?"

"நீங்க வெயில்ல கெடந்தாலும் வீங்க மாட்டீகண்ணே. இது வீங்கிரும்."

அந்த மனுஷன் அதற்கும் சிரித்தார். இப்போது அந்த ரூமுக்குள் அவர் போவதே இல்லை.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். கரையிலேயே இத்தனை நாள் சமைத்திருக்கிறேன், கால் நனைத்ததில்லை. யாரும் வராத ஒரு சாயங்காலம், "இன்னைக்கு நீங்கதான் விருந்தாளி" என்று என்னை இழுத்துப் படகில் உட்கார வைத்துவிட்டாள். நடுக் கண்மாயில் மோட்டார் நின்றுபோனது. நான் மாதாவைக் கூப்பிட ஆரம்பித்தேன்.

"மாதாவ ஏன் தொந்தரவு பண்றீக? நீங்க ஏறுனதுல மோட்டாருக்கு மூச்சு முட்டுது, அம்புட்டுத்தான்."

"அடியே வாத்து, வெளங்காதவளே, கரைக்குக் கொண்டு போடி!"

அவள் முதலில் பேட்டரி வயரைக் கழற்றினாள். அப்புறம்தான் மோட்டாரைத் தண்ணீரை விட்டு மேலே தூக்கினாள். எத்தனை அவசரம் என்றாலும் வயரைக் கழற்றாமல், தண்ணீரைத் தள்ளுகிற மோட்டார் விசிறியில் கை வைக்க மாட்டாள். யாரோ தூண்டில் போட்டு அறுத்துவிட்ட நரம்பு, விசிறிக்குப் பின்னால் சுற்றி இறுகிக் கிடந்தது. "இத விட்டா ரப்பரை அறுத்துரும், மோட்டாருக்குள்ள தண்ணி போயிரும்" என்றாள். "ஒங்க கொண்டை ஊசியக் குடுங்க."

கொடுத்தேன். அதை வைத்து நோண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"கட்டிக்குடுத்த வீட்டுல இருந்து பையோட வந்து நின்னேன்ல, அன்னைக்கு ஏன் வந்தேன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தீகன்னா, நான் திரும்பி எங்குட்டாவது போயிருப்பேன் மதினி. நீங்க கேக்கல. தட்டப் போட்டுச் சோத்த வச்சீக."

"வேலையப் பாருடி, இருட்டப் போகுது" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே நரம்பை உருவி எறியாமல் பையில் போட்டுக்கொண்டாள், கொக்கு காலில் சிக்கக்கூடாது என்று. வயரை மாட்டினாள். மோட்டார் ஓடியது. கொண்டை ஊசியை அவள் திருப்பித் தரவே இல்லை. போன பிறகு அவள் சாமான் பையைப் பார்த்தேன். திருப்புளிக்குப் பக்கத்தில், துரு ஏறாமல் எண்ணெய் தடவி வைத்திருந்தாள்.

அவளை ஐஸ் பெட்டியில் வைத்திருந்த அன்றைக்குச் சாயங்காலம், செபமாலை சொல்லும்போது கரண்ட் போய்விட்டது. தம்பி ஓடிப்போய்க் கூடாரத்தில் இருந்து இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து விளக்கும் விசிறியும் போட்டார். அவள் ஏற்றி வைத்த சார்ஜில்தான் அவள் முகத்தை எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு அப்போது அது தோன்றவில்லை. அவளை எடுப்பதற்கு முன்னால் கடைசியாய்த் தொட்டுக்கொள்ளச் சொன்னார்கள். என்னை அறியாமல் புறங்கையைத்தான் அவள் கன்னத்தில் வைத்தேன். அந்தக் குளிர்ச்சியை நான் எழுதமாட்டேன்.

பிறகு தம்பி கூடாரத்தை மூடிவிட்டார். "அக்கா இல்லாம எனக்குக் கை ஓடல" என்று பெட்டிகளை வழக்கம்போல எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்தார். இரண்டு பெட்டி துக்க வீட்டில் தீர்ந்தவை. அவற்றுக்கு அவரே பாதி ஏற்றிக் கொடுத்தார். மூன்றாவதின் பொத்தானை அமுக்கினேன். நாலு புள்ளி. பஸ் ஏறுவதற்கு முன்னால் அவள் ஏற்றியது, முழுசாய், அப்படியே உள்ளே இருந்தது.

"நாலு நிக்கக்கூடாதுக்கா, ஒரு விசிறியப் போட்டுப் பாதியாக்கிருங்க" என்றார் தம்பி. தலையை ஆட்டினேன். செய்யவில்லை. அவள் விட்டுப்போன சேலைகளைக் கொடுத்துவிட்டேன், செருப்பைக் கொடுத்துவிட்டேன். இதை எப்படிச் செலவழிப்பேன்? ஒரு விளக்கைக்கூட அதில் மாட்டவில்லை. ஆனால் சும்மா வைத்திருந்தாலும் பெட்டி தானாகக் குறையுமாம். தவக்காலத்தில் மூன்று புள்ளி. உயிர்ப்புத் திருநாள் கழிந்து இரண்டு. இந்த வைகாசியில் ஒன்று. இப்போது அதுவும் மினுக்குகிறது.

தம்பி போனில் சொல்லிவிட்டார்: "மினுக்குனா உடனே போட்டுருங்கக்கா. அதையும் விட்டா அப்புறம் ஏறவே ஏறாது." போட்டால், நான் ஏற்றுவது அவள் ஏற்றியதோடு கலந்துவிடும். அப்புறம் எது அவளுடையது என்று யாராலும் பிரிக்க முடியாது. போடாவிட்டால் பெட்டியே செத்துப்போகும். இதை நினைத்து நேற்று பூராவும் சோறு இறங்கவில்லை.

இன்று காலை என் வீட்டுக்காரர், அந்த ரூமுக்குள் போகாதவர், வாசல்படியில் வந்து நின்றார். "நான் போடவா?" என்றார்.

"வேணாம்."

"அவ இருந்திருந்தா ஒன்னயத் திட்டித் தீர்த்திருப்பா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

திட்டத்தான் செய்வாள். வீங்கின பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதவள் அவள். தன் பேரைச் சொல்லி இன்னொரு பெட்டியைச் சாகவிடுவதற்கு அவள் சம்மதிக்க மாட்டாள். வயரை எடுத்து மாட்டினேன். மாட்டும்போது "மன்னிச்சுக்கடி" என்றேன். இரண்டாவது புள்ளி வரும்வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் சொன்ன மாதிரி பாதியில் பிடுங்கிவிட்டேன். அந்த நேரத்தில்தான் இதில் மிச்சத்தை எழுதினேன்.

அவளிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது எண்ணெய் தடவின என் கொண்டை ஊசி, இந்தப் பெட்டி, அப்புறம் என் புறங்கை. அடுத்த மழைக்குக் கூடாரம் போட்டால் பெட்டிகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். தண்ணீர்ப் பயம் போகவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

பெட்டி மேல் இப்போது புறங்கையை வைத்திருக்கிறேன். வெதுவெதுவென்று இருக்கிறது. எடுக்க மனசு வரவில்லை. இம்புட்டுச் சூடு இருக்கலாமா, வாத்து?