பரிசோதித்துப் பெற்றுக்கொள்ளப்பட்டது

என் மனைவி கம்ப்யூட்டரில் கேம் விளையாடுகிறாள் என்பது எனக்குத் தெரியவந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடங்கள் ஆகியிருந்தன. அவள் எதையும் மறைக்கவில்லை. நான்தான் கேட்கவில்லை. மதியம் மூன்று மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போவாள். "எல்லாரும் ஒண்ணாவே வாங்க, தனியாப் போனா செத்துருவீங்க" என்று குரல் வரும். கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். யாரையோ யாத்திரைக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்கிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டு, எங்கள் கோட்டூர்புரம் குடியிருப்பின் லிஃப்ட் பற்றிய புகாருக்கு மூன்றாவது நினைவூட்டல் எழுதிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் ஹெட்போன் ஒயர் கழன்றுவிட்டது. ஓர் இளைஞனின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"மச்சி, இன்னா பண்ணிக்கினு கீற அங்க? சுட்டுக்கினே வரானுங்க, சீக்கிரம் வா மச்சி!"

"வரேன், இரு. இந்தச் சனியன் நகர மாட்டேங்குது" என்றாள் என் மனைவி.

நான் காபி டம்ளருடன் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒருவன் அவளை மச்சி என்று கூப்பிட்டதைக்கூட மன்னித்துவிடலாம். அதற்கு அவள் இவ்வளவு இயல்பாகப் பதில் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

விளையாட்டு முடிந்ததும் விசாரித்தேன். நாலு பேர் கொண்ட குழுவாம். மற்ற மூவரும் பையன்கள். அவள் நேரில் பார்த்ததில்லை. எதிரி எந்தப் பக்கம் வருவான், யார் எங்கே ஒளிய வேண்டும் என்று வழி சொல்வது அவள் வேலை. எங்கள் மகள் விட்டுப்போன பழைய லேப்டாப் நடுவில் நடுவில் உறைந்துபோகிறது. இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டி. அன்றும் உறைந்தால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று பையன்கள் சொல்லிவிட்டார்கள்.

"தங்கமான பசங்கதான். ஆனா அவங்க சொல்றதும் நியாயம். அதனால புதுசா ஒண்ணு கட்டப் போறேன்" என்றாள்.

"கட்டறதா?"

"பாகம் பாகமா நாமளே தேர்ந்தெடுத்து வாங்கணும். என் டெபாசிட் முதிர்ந்திருக்கு. நாலு லட்சம் வரைக்கும் போகலாம்."

நாங்கள் வாங்கிய முதல் மூன்று வாகனங்களின் விலையையும் கூட்டினாலும் அதில் பாதி வராது. சொல்ல வாயெடுத்தேன். "என் பணம்" என்றாள். அத்துடன் அந்தக் கோப்பு மூடப்பட்டது.

நான் ஓர் அரசுத் துறையின் கொள்முதல் பிரிவில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்தவன். மின்விசிறி, இரும்பு பீரோ, ஜெனரேட்டர், பிண அறைக்குக் குளிர்பெட்டி என்று எல்லாம் வாங்கியிருக்கிறேன். எதைக் கேட்டாலும் முதலில் தேவைப் பட்டியல், பிறகு விவரக்குறிப்பு, மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், கடைசியில் விலை குறைந்தவர். இந்த வரிசையில் போனால் யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாது. வாங்கிய பொருள் ஓடுமா என்பது வேறு பிரிவின் கவலை.

ஆகவே தேவைப் பட்டியலை எழுத்தில் கேட்டேன். மறு நிமிஷமே நோட்டிலிருந்து இரண்டு பக்கங்களைக் கிழித்துக் கொடுத்தாள். ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறாள்! நான் அதை முறைப்படுத்தினேன். அவள் எழுதியதில் மானிட்டர் முதலில் இருந்தது. நான் அதைக் கடைசிக்குத் தள்ளி, கேபினெட்டை முதலில் வைத்தேன். இரும்புப் பெட்டி எனக்குப் பழக்கமான பொருள். திரையில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டுக்கு எதிரே 'அல்லது அதற்கு இணையானது' என்று சேர்த்தேன். ஆயிரம் வாட் பவர் சப்ளை என்றிருந்ததை அடித்து அறுநூற்றைம்பது ஆக்கினேன். எந்தப் பிரிவும் தேவைக்கு மேல்தான் கேட்கும் என்பது என் அனுபவம்.

ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள், மருந்துக் கடைக்கு மேல் மாடியில், இந்தப் பாகங்கள் விற்கும் கடை இருந்தது. நாற்பது வயதிருக்கும் பாய் ஒருவர் நடத்துகிறார். என் நாலு பக்க விவரக்குறிப்பை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தார்.

"இன்னா சார் இது, பீரோ வாங்குற மாதிரி எழுதிகீறீங்க? 'துருப்பிடிக்காத வண்ணப்பூச்சு இரண்டு கோட்'னு போட்டுகீது."

"கடல் காற்று" என்றேன்.

"கார்டுக்கும் பூச்சு அடிக்கணுமா சார்?"

என் மனைவி தன் இரண்டு பக்கங்களின் ஜெராக்ஸைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் கண்ணோட்டம் விட்டார். அதன் பிறகு அடுத்த ஒரு மணி நேரம் என் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

"மானிட்டர்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கீங்க. வர்றவங்க எல்லாம் கார்டுலேர்ந்து ஆரம்பிப்பாங்கம்மா."

"என் கண்ணுக்கு எவ்வளவு தேவைன்னு முதல்ல தெரியணுமில்ல? அதை ஓட்ட எந்தக் கார்டு போதும்னு அப்புறம் பார்க்கலாம்."

நான் குறுக்கிட்டுப் பவர் சப்ளையைப் பற்றிக் கேட்டேன். அவள் என் பேனாவை வாங்கி, என் விவரக்குறிப்பின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டாள். கார்டு இவ்வளவு இழுக்கும், பிராசஸர் இவ்வளவு, ஒரு கண நேரத்துக்குக் கார்டு இரட்டிப்பாகத் தாவும், ஆகவே ஆயிரம் வாட். கீழே இரண்டு கோடு. பள்ளிக்கூடத்தில் அவளிடம் படித்த பிள்ளைகளின் மேல் எனக்கு முதன்முறையாக இரக்கம் வந்தது.

அதற்கப்புறம் கார்டு வந்தது. நான் தீப்பெட்டி அளவில் எதையோ எதிர்பார்த்திருந்தேன். மூன்று விசிறிகளோடு, செங்கல்லைப் போல் ஒன்றைத் தூக்கி வைத்தார். உள்ளே பொருத்தினால் தன் எடையிலேயே தொங்குமாம். தாங்குவதற்குக் கீழே ஒரு சின்னக் கம்பி முட்டுக்கொடுக்க வேண்டுமாம். ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல் போகும் பொருளுக்கு முட்டு! மொத்தப் பணத்தில் கிட்டத்தட்டப் பாதி அதற்கே போவது எப்படி நியாயம் என்று கேட்டேன்.

"சார், பிரியாணில கறிக்குத்தான் காசு" என்றார் பாய்.

இருப்பதிலேயே விலை உயர்ந்த பிராசஸரை அவர் சிபாரிசு செய்தபோது அவள் வேண்டாமென்றாள். அது வீடியோ வேலைக்குத்தான் நல்லது. கேமுக்கு அதைவிட விலை குறைந்த இன்னொன்றுதான் வேகம் என்றாள். தண்ணீரால் குளிர்விக்கும் கருவியையும் வேண்டாமென்றாள். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் இருக்கப் போகிற இயந்திரம், பழுதாவதற்குக் குறைவான சங்கதி இருந்தால் போதும், பெரிய விசிறி ஒன்று கொடுங்கள் என்றாள். முன்பக்கம் கண்ணாடியும் உள்ளே கலர் விளக்குமாக ஒரு கேபினெட்டைக் காட்டினார். "இது கம்ப்யூட்டரா, கல்யாண மண்டபமா?" என்று கேட்டுவிட்டு, காற்று போகிற வலை முகப்பு வைத்த ஒன்றை எடுத்தாள். கூட்டிப் பார்த்தால் நாலு லட்சத்தில் கணிசமாக மிச்சம். ஒதுக்கிய பணத்தில் மிச்சம் வைத்த பிரிவை முப்பத்துநாலு வருடத்தில் நான் பார்த்ததில்லை. மார்ச் மாதம் நெருங்கினால் நாற்காலியாவது வாங்கித் தள்ளிவிடுவார்கள்.

மூன்று கொட்டேஷன் வாங்கினேன். மற்ற இரண்டும் விலை கூடுதலாகவே வந்தன. ஆர்டரை நானே தட்டச்சு செய்து, எனக்கு மனப்பாடமான ஷரத்துகளைச் சேர்த்தேன். சேதமடைந்த பொருளை விற்பவரே மாற்றித் தர வேண்டும் என்பது பதினொன்றாவது. பாய் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். கடையிலேயே பாகங்களைப் பொருத்திப் பூட்டித் தருகிறேன் என்றவரிடம், முதலில் பிரிக்காத பெட்டிகளாக வீட்டுக்கு வர வேண்டும், எண்ணிப் பரிசோதித்துப் பெற்றுக்கொண்ட பிறகே பூட்ட வேண்டும் என்றேன். அதுதான் விதி.

போட்டிக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, பெட்டிகள் வந்தன. மனைவி மயிலாப்பூரில் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் வரிசை எண் எழுதி, திறந்து பார்த்து, பட்டியலில் டிக் போட்டேன். ஐந்தாவது, மதர்போர்டு. மற்ற எல்லாப் பாகமும் வந்து உட்காரும் தாய்ப் பலகை. நடுவில், பிராசஸரை வைக்கும் சாக்கெட்டின் மேல், சதுரமாக ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி. மூடியிருப்பதைத் திறந்து பார்க்காமல் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டவர்கள் சஸ்பெண்ட் ஆனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கிளிப்பை நெம்பி மூடியை எடுத்தேன்.

உள்ளே பொன்னிறத்தில் மயிரிழை போன்ற ஊசிகள், ஆயிரக்கணக்கில். அதன்மேல் மெல்லிய தூசு படிந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. இப்போது யோசித்தால் தூசு என் மூக்குக் கண்ணாடியில் இருந்திருக்க வேண்டும். கண்ணாடி துடைக்கும் நீலத் துணியை எடுத்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அக்கறையாகத் துடைத்தேன்.

துணி சிக்கியது. இழுத்தேன்.

வரிசையாக நின்றவற்றில் ஒரு மூலை முழுக்கச் சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தலாம் என்று குண்டூசியை எடுத்து, நல்லவேளையாக அதன் முனையே அந்த ஊசிகளைவிடத் தடிமனாக இருந்ததால் வைத்துவிட்டேன். மூடியைப் பழையபடி பொருத்தினேன். அடுத்து நான் செய்ததை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். 'வரிசை எண் ஐந்தில் கண்ட பொருள் பரிசோதனையின்போது சேதமடைந்த நிலையில் காணப்பட்டது' என்று எழுதினேன். ஒரு வார்த்தையும் பொய்யில்லை. யார் சேதப்படுத்தியது என்று சொல்லாமல் எழுதுவது எங்கள் துறையின் உரைநடை.

வெள்ளிக்கிழமை பூட்ட வந்த பாயிடம், அவர் உட்காரும் முன்பே அந்தக் கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு மூடியைத் திறந்தார். செல்போன் விளக்கை அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து இடுக்கியை எடுத்து உள்ளேயிருந்து எதையோ பிடுங்கி, வெள்ளை அட்டைமேல் வைத்தார்.

நீல நூல். அரை அங்குலம் இருக்கும்.

என்னைப் பார்த்தார். என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தார். நூலை ஊதிவிட்டார்.

"சேதமாத்தாம்மா வந்துகீது" என்றார் என் மனைவியிடம். "நான் கையெழுத்துப் போட்ருக்கேன், மாத்திக் குடுக்கிறது என் பொறுப்பு. கம்பெனில காட்டி, அவன் பார்த்து மாத்த பத்து நாளாவது ஆவும்."

"வேற போர்டு இல்லையா?"

"பக்கத்துக் கடையில கீது. ஆனா அதுக்கு நீங்க தனியா காசு குடுத்து வாங்கணும். உங்க மேல தப்பில்லாதப்ப நீங்க இன்னாத்துக்கும்மா குடுக்கணும்?"

எந்தச் சலனமும் இல்லாமல் எனக்காக ஒரு மனிதர் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறார். சப்ளையர்களின் பொய்யைக் கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்கியவன் நான். எனக்காகப் பொய் சொல்லும் சப்ளையரை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

ஒரு போர்டு அதிகமாக வாங்குவது அவளுக்குப் பெரிதில்லை. ஆனால் விடைத்தாளில் அரை மதிப்பெண்ணுக்கு மூன்று தரம் கூட்டிப் பார்க்கிறவள் அவள்.

"ஒருத்தர் தப்புக்கு நாம இன்னொண்ணு வாங்கினா, அப்புறம் யாரும் சரியா அனுப்ப மாட்டாங்க. பரவாயில்ல, கம்பெனியே மாத்தட்டும்" என்றாள். செல்போனை எடுத்தாள். "பசங்ககிட்ட சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமைக்கு வேற ஆளைப் போட்டுக்கட்டும்."

அவள் முகத்தில் ஏமாற்றம்கூடத் தெரியவில்லை. அதுதான் தாங்கவில்லை. கட்டைவிரல் தட்டத் தொடங்கியது.

"நான் துடைச்சேன்" என்றேன்.

"எதை?"

"அதை. உள்ளே. கண்ணாடித் துணியால. தூசு இருந்தது."

விரல் நின்றது. பாய் ஜன்னல் வழியாக வெளியே எதையோ ஆர்வமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"துணியாலயா?" என்றாள் என் மனைவி. கோபமே இல்லை. வகுப்பில் யாராவது பூஜ்யத்தால் வகுத்தால் இப்படித்தான் கேட்டிருப்பாள்.

"பரிசோதிக்கணும்னு..."

"உங்களுக்குத் தெரியுமா பாய்?"

"நூலு இருந்துதும்மா" என்றார் ஜன்னலைப் பார்த்தபடியே. "சார் பெரியவரு. இன்னாத்த சொல்றது?"

கடிதத்தை மேஜையிலிருந்து எடுத்து நானே கிழித்தேன். பக்கத்துக் கடைப் பலகையை வாங்கிவர அவள் கொடுத்த பணத்துடன் மாடிப்படியில் இறங்கிய பாயைப் பின்தொடர்ந்து போய் மன்னிப்புக் கேட்டேன். "பதினோராவது ஷரத்த மட்டும் அடுத்த வாட்டி எடுத்துடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். இரண்டு மணி நேரத்தில் புதுப் பலகையுடன் திரும்பி வந்து, அன்று மாலைக்குள் பூட்டி முடித்தார். பூட்டும்போது அந்த மேஜையிலிருந்து நாலடி தள்ளி என் நாற்காலி போடப்பட்டது. போட்டவள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் போட்டி. நான் அறை வாசலில் நின்றேன். அவள் ஹெட்போனை மாட்டாமல் ஸ்பீக்கரைப் போட்டாள். எனக்காகத்தான் என்று நினைக்கிறேன். திரை தண்ணீர் மாதிரி ஓடியது.

"மச்சி, புதுசு எப்படி கீது? இன்னா, வெள்ளிக்கிழம ஆளையே காணோம்?"

"என் வீட்டுக்காரர் சாக்கெட்டைத் துணியால துடைச்சிட்டார்."

எதிர்முனையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். யாரோ செத்துவிட்டதாகவே நான் நினைத்தேன். பிறகு ஒருவன் மட்டும் மெதுவாகக் கேட்டான்.

"மச்சி... உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு."

திரையில் நாலு பேரும் அசையாமல் நின்றார்கள். அவளும் அசையவில்லை. அவள் பின்கழுத்து மட்டும் விறைத்துக்கொள்வதைப் பார்த்தேன். உறைகிற லேப்டாப்புக்காக அல்ல, வயது தெரிந்துபோகிற இந்த ஒரு கணத்துக்காகத்தான் இவள் இத்தனை நாள் பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்ப நீங்க... ஆன்ட்டியா?" என்றான் இன்னொருவன்.

"இடது பக்கம் மாடியில ஒருத்தன் ஏறிட்டான். நீ ஆன்ட்டி ஆன்ட்டின்னு நின்னுட்டிரு, சாவே."

சடசடவென்று சுடும் சத்தம். நாலு உருவங்களும் நாலு பக்கம் பாய்ந்தன.

"தேங்க்ஸ் மச்சி!" என்றது முதல் குரல், மூச்சிரைக்க.

அவள் கழுத்து தளர்ந்தது. அன்று அவர்கள் தோற்றார்கள். ஆனால் தோற்றதற்கு அவள் காரணமில்லை என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடில்லை. இப்போதும் தினமும் மூன்று மணிக்கு அழைப்பு வருகிறது. காபியோடு நான் வாசல் வரைக்கும்தான் போகலாம். என் நிழல் தெரிந்தாலே அவள் சொல்லிவிடுவாள் போலிருக்கிறது, ஸ்பீக்கரில் அந்தப் பையன் விசாரிக்கிறான்:

"துணி வந்துட்டாரா மச்சி? கிட்ட விடாத!"