ஈரத்துக்கு மூன்று கிலோ

தாய்மாமா ராணுவத்தில் பனிமலைப் பிரிவில் இருந்தார். நான் ஐந்தாம் வகுப்பு படித்த ஆண்டு ஐப்பசியில், லீவுக்கு வண்டன்மேடு வந்தவர் ஒரு ஜோடி பனிச்சறுக்குப் பலகையையும் சுமந்து வந்தார். லீவு முடிந்ததும் நேரே மலையேற வேண்டுமாம். அதனால் புது பூட்ஸுக்கு அதை இங்கேயே பொருத்திக்கொள்ள எண்ணி, ஏலக்காய் உலர்த்தும் எங்கள் ஸ்டோரில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்.

பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் இரும்புக்கு பைண்டிங் என்று பெயர். முன்னால் இரண்டு முட்கள் பூட்ஸின் மூக்கைக் கவ்வும். ஏறும்போது குதிகால் தூக்கி நடக்கலாம். இறங்கும்போது பின்துண்டு குதிகாலைப் பூட்டிக்கொள்ளும். மாமா பின்துண்டின் திருகைக் கால் சுற்று திருப்புவார், பூட்ஸை வைத்துப் பார்ப்பார், எடுப்பார், மறுபடி கால் சுற்று. பூட்ஸுக்கும் பின்துண்டுக்கும் நடுவில் இரண்டு நாணயம் நுழையும் இடைவெளிக்காக ஒரு முற்பகல் முழுவதும் போனது. அப்படியொரு பொறுமையை நான் அதுவரை கண்டதில்லை.

விழுந்தால் கால் ஒடியாமல் பூட்ஸ் கழன்றுகொள்ள வேண்டும். சும்மா கழன்றாலோ ஆள் சரிவில் உருள வேண்டியதுதான். எவ்வளவு இறுக்கம் என்பதை ஆளின் எடையைக் கொண்டு ஓர் அட்டவணை சொல்லும். எடை பார்க்கும் பொறுப்பை மாமா எனக்குக் கொடுத்தார். மழையில் நனைந்து வந்து தராசில் ஏறினார். அறுபத்தாறு என்று எழுதிக் கொடுத்தேன்.

அதன்படி முறுக்கிவிட்டு, பூட்ஸை மாட்டிக் காலை லேசாகத் திருகினார். கழன்றுவிட்டது. மறுபடியும் அப்படியே. என் சீட்டைக் கையில் எடுத்தார்.

"தாயி, தராசு எவ்வளவு காட்டுச்சு?"

"எழுபது மாமா. சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு மூணு கழிச்சேன்."

எங்கள் ஸ்டோருக்கு வரும் பச்சைக்காய்க்கு அதுதான் வழக்கம்.

"மாமாவையும் காயாக்கிட்டியா? நல்லவேளை, சல்லடையில போட்டுத் தரம் பிரிக்கல."

எழுபது என்று திருத்தி, திருகை மீண்டும் முறுக்கினார். லேசாகத் திருகினார், பிடித்துக்கொண்டது. முழு பலத்தோடு திருகினார், கழன்றது. காய் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"இன்னொருக்கா திருகிக் காட்டுடா."

மூன்று முறை காட்டச் சொன்னாள்.

மாமா கிளம்பிய அன்று ஜீப்பின் கம்பியை அம்மா விடவில்லை.

"அடுத்த லீவுக்கு வர்றப்ப இதே எடையோட வரணும்டா தம்பி."

"மாறினா என்னம்மா? திருகைக் கொஞ்சம் திருப்பினாப் போதும்" என்றேன்.

மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு அட்டவணை புரியவில்லை என்று அன்று என் நோட்டில் எழுதிவைத்தேன்.