நெடுந்தீவில் ஈரம் உலர்த்தப் போன கதை

தை மாத நடுப்பகுதியில் நெடுந்தீவுக்குப் போனேன். சுற்றுலாக்காரர் போலக் காட்டுக்குதிரை பார்க்கவோ, பருத்த பெருக்குமரத்தடியில் நின்று படம் எடுக்கவோ அல்ல. ஒரு வீட்டின் சுவரைக் காயவைக்கப் போனேன்.

என் தொழில் அதுதான். வெள்ளம் புகுந்த கட்டடங்களை மெசின் வைத்து உலர்த்துவேன். உலர்ந்துவிட்டது என்பதற்கு, நட்டஈடு கொடுக்கும் காப்புறுதிக் கம்பனிக்காரர் ஏற்கக்கூடிய ஆதாரங்களையும் சேர்த்துக் கொடுப்பேன். "சுவர் காயிறதுக்கும் ஒரு ஆளோ? வெயில் எங்க போட்டுது?" என்று கேட்காத ஆள் யாழ்ப்பாணத்தில் குறைவு. முன்பெல்லாம் பொறுமையாக விளக்குவேன். இப்போது முறைத்துப் பார்ப்பதோடு சரி. தீவுப் பக்கம் காப்புறுதித் திருத்த வேலை எடுக்க நினைக்கும் ஒப்பந்தகாரர்கள் முறைக்காமல் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

வீடு றெஜினா அக்காவுடையது. கணவர் கடற்றொழில். கடலில் எடுத்த முருகைக்கல்லால் கட்டிய பழைய வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளைத் திருத்தி, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுச் சமைத்தும் கொடுத்து வந்தார். கார்த்திகை அடைமழையில் அந்த அறைகளுக்குள் முழங்கால் உயரத்துக்கு வெள்ளம் நின்றது. காப்புறுதி மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு, "வெள்ள ஈரமெண்டால் திருத்தித் தருவம். முந்தியே இருந்த பழைய ஈரமெண்டால் எங்களுக்குப் பொறுப்பில்லை. வெள்ள ஈரம் காயும், பழசு காயாது. காயவைச்சுக் காட்டுங்கோ" என்று சொல்லிப் போயிருந்தார். பழைய ஈரம் என்று அவர் எழுதிவிட்டால் அறைகளைப் பூட்டிவிட்டு வவுனியாவில் மகளோடு போய் இருக்க வேண்டியதுதான் என்று அக்கா முடிவுசெய்திருந்தார். திருத்த வேலையை எடுத்த யோகன் அண்ணை அந்தக் கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து, படகு புறப்படும் குறிகட்டுவானுக்குப் பஸ் இருக்கிறது. ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். சாமான் இருந்தால் பஸ்ஸை மறந்துவிடுங்கள். நான் காலை ஆறு மணிக்கு ஒரு வான் பிடித்தேன், ஒன்பதாயிரம் ரூபாய். அல்லைப்பிட்டி, வேலணை தாண்டிப் புங்குடுதீவுப் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் கடல், காற்று வானைத் தள்ளியது. ஈரம் உறிஞ்சும் மெசின் இரண்டும் பின்னால் நிமிர்ந்து நின்றன. அவற்றைச் சரித்துப் படுக்கவைக்கக் கூடாது. படுக்கவைத்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் இடம் மாறி மெசின் கெட்டுப்போகும். இதைச் சாரதிக்கு மூன்று தரம் சொன்னேன். "அக்கா, பிள்ளைத்தாச்சியை ஏத்தின மாதிரி ஓடுறன், பேசாமல் இருங்கோ" என்றார் மனுசன்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் வரிசை வேறு வேறு. கேட்டுவிட்டு நில்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் மெசின் நயினாதீவு போய் நாகபூசணி அம்மனைத் தரிசித்துவிட்டுத்தான் திரும்பும். படகில் ஏற்ற உதவியவர், "உதென்ன அக்கா, குளிர்ப்பெட்டியோ?" என்று கேட்டார். காற்றில் இருக்கிற தண்ணீரை எடுக்கும் மெசின் என்றேன்.

"நடுக்கடலில இருக்கிற தீவில காத்தில தண்ணி எடுக்கப் போறியளோ!" என்றார். படகே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கோபப்பட நேரமில்லை. படகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆடி ஆடிப் போய்ச் சேர்ந்தது. துறையிலிருந்து உழவு மெசின், அதாவது டிராக்டர், இழுத்த பெட்டியில் வீட்டுக்குப் போனோம்.

வேலை தொடங்கியதும் முதல் சண்டை யன்னலுக்கு. நான் பூட்டுவேன், றெஜினா அக்கா திறப்பார். "காத்து வரட்டும் பிள்ளை, புழுங்குது" என்பார். தை மாதத்துக் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவரும், கொண்டுபோகாது. இறைக்கிற கிணற்றுக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலை அது. கடைசியில் யன்னல் கொளுக்கியைக் கம்பியால் கட்டிவிட்டேன். அக்கா கோபித்துக்கொண்டு குசினிக்குச் சமைக்கப் போய்விட்டார். அங்கிருந்து மீன் குழம்பு மட்டும் வந்தது.

மறுநாள் காலை மெசினின் வாளியில் நிறைந்திருந்த தண்ணீரை வெளியே ஊற்றப் போனேன். அக்கா ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"ஐயோ, ஊத்தாதையும்! உப்பில்லாத தண்ணி!"

குடிக்கக் கூடாது என்றேன். குடிக்க ஆர் கேட்டது, உடுப்புத் தோய்க்கலாம் என்று தூக்கிக்கொண்டு போனார். நல்ல தண்ணீருக்குத் தவிக்கும் ஊர். நான் அந்த நேரமே யோசித்திருக்க வேண்டும். என் மண்டையில் ஏறவில்லை.

சுவரில் சோக்கட்டியால் இலக்கமிட்டு, ஒவ்வொரு காலையும் அதே இடங்களில் ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் குத்திப் பார்த்தேன். ஈரம் இருந்தால் கத்தும், காய்ந்திருந்தால் பேசாமல் இருக்கும். மானி காட்டும் அளவும் சுவர் இலக்கமும் ஒரே படத்தில் விழும்படி ஒவ்வொன்றையும் படம் எடுத்தேன். வெள்ளம் ஏறாத குசினிச் சுவரையும் தினமும் அளந்தேன். அதே முருகைக்கல், அதே சுண்ணாம்புச் சாந்து. அங்கே மானி வாயே திறக்கவில்லை. காய்ந்த சுவர் இந்த வீட்டில் எப்படி இருக்கும் என்பதற்கு அதுதான் அளவுகோல்.

முன்னறைச் சுவர்தான் என்னைப் பைத்தியமாக்கியது. ஒரு கிழமையாக மெசின் ஓடியும் அளவு இறங்கவில்லை. அதைவிட மோசம், வெள்ளக்கோட்டுக்கு மேலே நெஞ்சு உயரத்திலும் மானி கத்தியது. வெள்ளம் போகாத உயரத்தில் ஈரம் என்றால் மதிப்பீட்டாளர் கண்ணை மூடிக்கொண்டு பழைய ஈரம் என்று எழுதுவார். அவர் வர இரண்டு நாள்தான் இருந்தது.

"மேலால ஒரு பூச்சுப் பூசிவிடுவம். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் யோகன் அண்ணை.

"பூசின உடன கழண்டு விழும். அப்ப உங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்" என்று சீறினேன். அண்ணை சாந்துக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்.

சுவரில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தேன். கரித்தது.

"அக்கா, வெள்ளம் வடிஞ்ச பிறகு இந்தச் சுவரை என்ன செய்தனீங்கள்?"

"சேறெல்லோ? நல்லாத் தேய்ச்சுக் கழுவினனான். மேல வரைக்கும் கழுவினனான்."

"எந்தத் தண்ணியால?"

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கடல் தண்ணியாலதான். பின்ன, நல்ல தண்ணியைச் சுவருக்கே ஊத்திறது?"

தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தேன். அக்கா முதலில் கோபித்தார், பிறகு பயந்தார். உப்புப் படிந்த சுவர் காற்றின் ஈரத்தை மேல்தோலுக்கு இழுத்துக்கொள்ளும், மானியையும் ஏமாற்றும். உள்ளே காய்ந்திருந்தாலும் அது ஈரம் ஈரம் என்றுதான் கத்தும். விளக்கியதும் அக்கா என் கையைப் பிடித்தார்.

"உதை எழுதாதையும் பிள்ளை. நானே பழுதாக்கினனான் எண்டு சொல்லி ஒண்டும் தரமாட்டினம்."

அவர் பயம் எனக்கு விளங்கியது. ஆனால் எழுதாமல் விட்டால் மேல்சுவர் கத்துவதற்கு வேறு காரணமே இல்லை, பழைய ஈரத்தைத் தவிர. "மறைச்சாத்தான் அக்கா பிழையாப் போகும். என்னை நம்புங்கோ" என்றேன். அரைமனதோடு தலையாட்டினார். கடல் தண்ணீரால் கழுவியதை அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் அப்படியே எழுதினேன்.

உப்பு ஏமாற்ற முடியாத சோதனை ஒன்று இருக்கிறது. சுவரைத் துளைத்து, ஆழத்திலிருந்து வரும் தூளை ஒரு உலோகப் போத்தலில் மருந்துப் பொடியோடு சேர்த்துக் குலுக்கினால், தண்ணீர் இருந்தால் மட்டும் வாயு உண்டாகி, மேலே உள்ள அளவு வட்டத்தில் ஊசி ஏறும். உப்பைப் பற்றி அந்தப் போத்தலுக்கு அக்கறை இல்லை. நான் துளைத்த ஆறு இடங்களிலும் உள்ளே காய்ந்திருந்தது. அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

மதிப்பீட்டாளர் படகாட்டத்தில் முகம் வெளிறி வந்து சேர்ந்தார். இளநீர் குடித்துவிட்டுத் தன் மானியை எடுத்து நேரே மேல்சுவரில் குத்தினார். கத்தியது.

"வெள்ளம் இவ்வளவு உயரத்துக்கு வரேல்லை எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள்" என்று என் அறிக்கையின் முதல் பக்கத்தைக் காட்டினார்.

"ஓம். மூண்டாம் பக்கத்தையும் பாருங்கோ."

வாசித்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "கடல் தண்ணியாலயோ கழுவினீங்கள்?"

"ஓம்" என்றார் அக்கா, தலையைக் குனிந்தபடி. அடுத்த கணமே நிமிர்ந்துகொண்டார். "இஞ்ச வந்து ஒரு சித்திரை வெயிலுக்கு இருந்து பாருங்கோ, நல்ல தண்ணியின்ர அருமை விளங்கும்."

நான் துளைகருவியை எடுத்தேன். "இடத்தை நீங்களே காட்டுங்கோ."

மானி ஆகக் கூடுதலாகக் கத்திய இடத்தைக் காட்டினார். துளைத்தேன், குலுக்கினேன். மதிப்பீட்டாளர், யோகன் அண்ணை, அக்கா, நான், நாலு பேருக்கும் கண் ஊசியில். அது அசையவில்லை. மனுசன் விடுகிறவர் இல்லை, கதவுக்குப் பின்னால் இன்னோர் இடத்தைக் காட்டினார். அங்கேயும் அசையவில்லை. குசினிச் சுவரின் படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"உள்ளுக்குக் காய்ஞ்சிட்டுது. பழைய ஈரம் இல்லை. வெள்ளச் சேதமெண்டே எழுதுறன்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "கழுவினதை எழுதாமல் விட்டிருந்தால் நான் மேல்சுவரைப் பார்த்திட்டு அப்பிடியே போயிருப்பன்" என்றார்.

அக்கா சிலுவை அடையாளம் போட்டுவிட்டு என் கன்னம் இரண்டிலும் கொஞ்சினார். எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவே இல்லை. கடற்கரைவரை ஓடிவிட்டு வரலாம் போலிருந்தது. உப்புக்குக் காப்புறுதி பொறுப்பில்லைதான். பழைய மேற்பூச்சைச் சுரண்டி, ஊறவைத்த கடதாசிக் கூழைச் சுவரில் அப்பி, காய்ந்ததும் உரித்து உப்பை இழுத்தெடுத்தோம். கூழ் ஊறியது மெசின் எடுத்த தண்ணீரில். அந்த வேலைக்கு யோகன் அண்ணை வாங்கிய கூலி ஒரு பெரிய விளைமீன்.

தீவில் வேலை எடுக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. படகு நேரத்தை முதல் நாளே கேட்டு உறுதிசெய்யுங்கள், காற்று அடித்தால் ஓடாது. மெசினை இறக்கிய கையோடு ஓடவிடாமல், உள்ளே எண்ணெய் அடங்கச் சில மணித்தியாலம் நிற்கவிடுங்கள். வெள்ளக்கோட்டை அளவுநாடாவோடு படம் எடுக்க முன் ஒருவரையும் சுவரில் கை வைக்க விடாதீர்கள். காய்ந்த சுவர் ஒன்றையும் சேர்த்து அளக்காமல் ஈரச் சுவரைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று கேளுங்கள், எந்தத் தண்ணீர் என்றும் கேளுங்கள். சொன்னதை, நல்லதோ கெட்டதோ, அப்படியே எழுதுங்கள். ஈரத்தைப் போலவே பொய்யும் பூச்சுக்கு வெளியே வந்துவிடும், அப்போது நட்டப்படுவது வீட்டுக்காரர்தான்.

போன கிழமை நெடுந்தீவில் இன்னொரு வீட்டு வேலை வந்தது. தங்க இடம் வேண்டுமே என்று உரிமையோடு றெஜினா அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அறை ஒண்டும் இல்லைப் பிள்ளை, ரெண்டிலயும் ஆக்கள் நிக்கினம்" என்றார் அக்கா. "நீர் வாரும், குசினியில பாய் போட்டுத் தாறன்."