பள்ளிகொண்டாவில் ருசி பார்த்த கூழ்

சென்ற ஆடி மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை, என் அக்கா நாகம்மாளின் வேண்டுதலுக்காகப் பள்ளிகொண்டா போய் வந்தோம். அம்மனுக்குக் கூழ் ஊற்ற அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன்.

வேண்டுதலை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா புருஷன் முனிசாமி மாமா, ஆம்பூரில் தோல் மண்டி ஆட்களை நம்பிச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். பங்குனியில் வந்த விஷக்காய்ச்சல் ஆளை விட்டுவிட்டு நாக்கின் ருசியைக் கொண்டுபோய்விட்டது. சமையல்காரருக்கு நாக்கு போனால் பிழைப்பு என்ன ஆவது? ருசி திரும்பினால் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாகவும், ஊற்றும் வரை உப்பைத் தொடுவதில்லை என்றும் அக்கா வேண்டிக்கொண்டாள். மூன்று மாதம் உப்பில்லாத கஞ்சி! பார்க்கிற எனக்கே கோபம் வரும். ஆனிக் கடைசியில் மாமா ஒரு நாள், ருசி வந்துவிட்டது என்றார். கிளம்பிவிட்டோம்.

நான் அரக்கோணத்திலிருந்து முதல் நாளே ரயிலேறி ஆம்பூர் போய்விட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஆம்பூரிலிருந்து பள்ளிகொண்டா ஏறக்குறைய பதினேழு மைல்; பஸ்ஸுக்குத் தலைக்கு ஐந்தணா. காலை ஆறு மணி வண்டியை விட்டால் வெயிலில் காய வேண்டியதுதான். டிரைவர் பாய் எங்கள் கேழ்வரகு மாவுப் பானையைப் பார்த்ததும், "கால்ல இடுக்கிப் புடிச்சுக்கோம்மா. வண்டி மேல போட்டா ரோடுதான் கூழ் குடிக்கும்," என்றார். சாலையைப் பார்த்த பிறகு அவர் சொன்னது நியாயமாகவே பட்டது.

கோயில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து பாலாற்றுப் பக்கமாக அரை மைல். விறகு அங்கேயே கிடைக்கும். தண்ணீருக்கு ஆற்று மணலில் ஊற்று இருக்கிறது. அக்கா பாதி மாவைக் கரைத்து உலையில் ஊற்றிக் கிண்டினாள். படைப்பதற்கு முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது, முகர்ந்தும் பார்க்கக் கூடாது, உப்பெல்லாம் கைக்கணக்குதான். மாமாவுக்கோ இருபது வருஷக் கடைப் பழக்கம். கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிவிட்டு, "உப்பு சரியா கீது," என்றார்.

அக்காவின் கை அப்படியே நின்றது. "நான் இன்னும் உப்பே போடலியே!"

கூழ் படைக்க உதவாமல் போனதை அப்போது யார் நினைத்தார்கள்? மாமா தலையைக் குனிந்துகொண்டார். "நீ உப்பில்லாத கஞ்சி குடிச்சிகினு இருந்தத பாக்க முடியல நாகு. அதான் ருசி வந்துடுச்சின்னு சொன்னேன்."

அக்கா ஒரு பாட்டம் அழுதாள். பிறகு அந்தக் கூழை வழியோடு போன வண்டிக்காரர்களுக்கு ஊற்றிவிட்டு, பானையைக் கழுவி, மீதி மாவில் புதிதாகக் கிண்டினாள். மாமாவைப் பத்தடி தள்ளி உட்கார வைத்தாள். பூசாரி கற்பூரம் காட்டும்போது வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். படைத்த கூழில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான். அக்கா இரண்டு சொம்பு குடித்தாள்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது மாமா பயந்துகொண்டே கேட்டார்: "மறுபடியும் உப்ப வுட்டுடுவியா?"

"நானும் வுட்டா கடையில ருசி பாக்கறது யாரு? உப்ப மட்டும் கேக்காத தாயி, வேற எத வோணாலும் வுடறேன்னு அம்மங்கிட்ட சொல்லிட்டேன். நாளைலேர்ந்து நீங்க கிண்டுங்க, நான் நாக்குல வெச்சிப் பாக்கறேன்," என்றாள் அக்கா.

போகிறவர்கள் மாவை இரண்டு பங்காகக் கொண்டுபோவது நல்லது. திரும்பும் பஸ் நாலு மணிக்கு. பாய் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். ருசி பார்க்காமல் படைப்பதற்குப் பெரியவர்கள் பல காரணம் சொல்வார்கள். முதல் வாய் அம்மனுக்கு என்பதே எனக்குப் போதும்.

ஆம்பூர் வழியாகப் போனால் மண்டிக்கு எதிரே எங்கள் மாமா கடையில் தைரியமாகச் சாப்பிடுங்கள். அக்கா ஒரு வாய் பார்த்துத் தலையசைக்காமல் மாமா எந்தப் பாத்திரத்தையும் அடுப்பிலிருந்து இறக்குவதில்லை.