அக்காவுக்குப் பித்தம் தெளிந்த கதை

எங்கள் வீட்டில் உடம்பு சொல்வதை மட்டும்தான் நம்புவார்கள். காய்ச்சல் என்றால் கஞ்சி, வயிற்றுவலி என்றால் ஓமத்தண்ணீர். கோபத்துக்குக் கைவசம் மருந்து இல்லாததால், பொம்பளைப் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று வருவதே இல்லை என்று முடிவுகட்டியிருந்தார்கள்.

அக்காவை ஆலங்குளத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தானுக்குப் பாத்திரக்கடை. ஒருநாள் ஏதோ ஒரு குக்கரின் விலையைத் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று, கடைக்கு வந்தவர்கள் பார்க்கச் செருப்பைக் கழற்றி அடித்திருக்கிறார். அன்றே பஸ் ஏறி மேலகரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அத்தான் பெயரை எடுத்தால் போதும், அவள் கை நடுங்கும், கழுத்து சிவக்கும், மூச்சு முட்டும். தென்காசி டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சுல ஒண்ணும் இல்ல. வீட்டுல என்ன பிரச்சினை?" என்றார். அம்மா சீட்டைக்கூட வாங்காமல் அவளை எழுப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

பித்தம் தலைக்கேறிவிட்டது என்று வீட்டில் தீர்மானமானது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே வழிதான். தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து, ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், குற்றால அருவியில் நிறுத்துவது. புத்தி பிசகியவர்களைக் காலங்காலமாக அப்படித்தான் நிறுத்துகிறார்கள். தெளிந்ததும் கொண்டுபோய் அத்தானிடம் விட்டுவிடலாம் என்பது ஏற்பாடு.

காலையில் கூட்டிப்போகும் வேலை என்னுடையது. சாரல் காலம், மெயினருவி வெறிபிடித்து விழுந்துகொண்டிருந்தது. உச்சந்தலையில் தண்ணீர் அறையும்போது எதையும் நினைக்க முடியாது. அதுதான் வைத்தியமே. அக்கா வெளியே வரப் பார்ப்பாள். நான் பின்கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளுவேன். அவள் திரும்பி வந்திருந்ததால் என்னைப் பெண்பார்க்க வருவது தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. என் கையில் பாசம் மட்டும்தான் இருந்தது என்று சொன்னால் பொய்.

ஒருநாள் பல் கிட்டிக்க, "ஏட்டி, எனக்குச் சீக்கு இல்லட்டி. கோவம். அந்த ஆளக் கொன்னு போடணும்போல கோவம்," என்றாள்.

"கோவம்னா கத்தணும்க்கா. கை எதுக்கு நடுங்குது? தலையக் குடு," என்றேன்.

முப்பதாம் நாள் வாக்கில் நடுக்கம் நின்றது. அத்தான் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். கழுத்து சிவக்கவில்லை. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். மண்டலம் முடியும்வரைகூடப் பொறுக்காமல் ஆலங்குளத்தில் விட்டுவிட்டு வந்தோம்.

எனக்கு நிச்சயமானதும் பத்திரிகை வைக்கப் போனேன். "இப்பம்தான் உங்கக்கா மனுசியா இருக்கா," என்று அத்தான் சிரித்தார். அடுப்படியில் அக்கா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை தோசைக்கல்லின் விளிம்பில் பட்டு அப்படியே நின்றது. எடுக்கவில்லை. நான்தான் பிடித்து இழுத்தேன். அதே இடத்தில் பழைய கொப்புளங்கள் இரண்டு மூன்று இருந்தன.

"வலிக்கலையாக்கா?"

"சுட்டாத் தெரிய மாட்டேங்குட்டி. பசியும் தெரியல. கல்யாணம்னு சொல்லுதே, சந்தோசமும் வரமாட்டேங்கு." என்மேல் கோபமாகக்கூட அவள் அதைச் சொல்லவில்லை.

எனக்கு அடிவயிறு கலங்கியது. அது பித்தம் இல்லை, பயம். நான் செய்த காரியத்தைக் கண்ணால் பார்த்த பயம். அப்போதே அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியிருக்க வேண்டும். என் கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "எப்படிட்டி இருக்கா?"

"நல்லா இருக்கா," என்றேன்.